இராயபுரம்: மணலை இழந்த கடலோர ஊர்

மாற்றுத்திறனாளிகளும் அலைக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்று மெரினாவில் 2022 நவம்பரில் ஒரு மரப்பாதை திறந்தார்கள். அதன் நீளம் 263 மீட்டர். சர்வீஸ் சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவே அவ்வளவு மணல் கிடந்தது. அங்கிருந்து வடக்கே துறைமுகத்தைத் தாண்டினால் இராயபுரம், காசிமேடு. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது அங்கே அலை கருங்கல்லில் மோதிச் சாலைக்குள் தெறிக்கும். மறுநாள் பேப்பரில் 'வடசென்னையில் கடல் அரிப்பு' என்று செய்தி வரும்.

ஒரே கடல், ஒரே நகரம். ஒரு பக்கம் நடந்து தீராத மணல், இன்னொரு பக்கம் கால் வைக்க மணல் இல்லை. புயல்தான் காரணம் என்றால் புயல் மெரினாவையும் விட்டிருக்காது. பருவநிலை மாற்றம், கடல்மட்ட உயர்வு என்று சொல்வதும் பாதி பதில்தான். அவை இன்று நிலைமையை மோசமாக்கலாம். ஆனால் இந்த வேறுபாடு தொடங்கி 150 ஆண்டு ஆகப்போகிறது. அது புரிய வேண்டுமானால் இராயபுரம் எப்படி உண்டானது என்பதிலிருந்து வர வேண்டும்.

பெயரிலேயே ஒரு மீனவர்

இயேசுவின் சீடர் பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இராயப்பர் என்பார்கள். அவரும் மீன்பிடித் தொழிலாளி. அவர் பெயரால்தான் இந்த ஊர் இராயபுரம் ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1829இல் இங்கே எழுந்த புனித இராயப்பர் ஆலயத்தைக் கட்டியவர்கள் படகோட்டிகள். ஊருக்கு அடித்தளம் போட்டவர்களும் அவர்கள்தான்.

படகோட்டிகளுக்குச் சொந்தமாக ஆலயம் கட்டும் அளவுக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1639இல் கோட்டைக்கு இடம் வாங்கியது திறந்த கடற்கரையில். கப்பல் கரைக்கு வர முடியாது. ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆள், சரக்கு, குதிரை, பீரங்கி எதுவானாலும் படகில் ஏற்றித்தான் அலையைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும்.

அதற்கென்றே இருந்தது மசூலாப் படகு. ஆணி அடித்த படகு இந்த அலையில் தரை தட்டினால் பிளந்துவிடும். அதனால் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். தைத்த படகு அடி வாங்கும்போது வளைந்து கொடுக்கும், உடையாது. யாராவது தவறி விழுந்தால் தூக்குவதற்குப் பக்கத்திலேயே கட்டுமரமும் வரும். இங்கிலாந்திலிருந்து கவர்னரே வந்தாலும் கடைசிக் கொஞ்ச தூரம் இவர்கள் கையில்தான் உயிர். இந்த நகரத்தின் ஏற்றுமதி இறக்குமதி இரு நூற்றாண்டுக்கு மேல் இவர்கள் தோளில் நடந்தது.

ரயில், கோவில், பூங்கா

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து கிளம்பியதற்கும் காரணம் கடல்தான். சரக்கு இறங்கும் கரையும், கறுப்பர் நகரத்து (இன்றைய ஜார்ஜ் டவுன்) வியாபாரிகளின் கிடங்குகளும் அருகில். 1856 ஜூன் 28 அன்று இராயபுரம் நிலையம் திறக்கப்பட்டது. ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது. பம்பாய், ஹவுராவுக்கு அடுத்து இந்தியாவின் மூன்றாவது பயணிகள் ரயில் பாதை. 1873இல் சென்ட்ரல் வந்த பிறகு கூட்டம் அங்கே போய்விட்டது. பம்பாயின் முதல் நிலையமும் ஹவுராவின் முதல் நிலையமும் இன்றைக்கு இல்லை. இராயபுரத்துத் தூண்கள் நிற்கின்றன.

வேலை இருந்த இடத்துக்குப் பலரும் வந்தார்கள். தமிழ்நாட்டின் ஒரே பார்சி அக்கினிக் கோவில் 1910இல் இங்கேதான் கட்டப்பட்டது. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் மழையில் நடந்தது இங்கிருந்த ராபின்சன் பூங்காவில். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளுக்கு ஆள் கொடுத்ததும் துறைமுகத்தையும் ரயிலையும் மீனையும் நம்பிய இந்தத் தெருக்கள்தான். இதையெல்லாம் தனித்தனியாக எழுதலாம். இப்போது கடலுக்கே வருவோம்.

கடலுக்குள் நீட்டிய கல்

படகை நம்பிய ஏற்பாடு வியாபாரிகளுக்குச் செலவு, ஆபத்து. முதலில் 1861இல் இரும்புத் தூண்களின்மேல் ஒரு பாலம் கடலுக்குள் கட்டினார்கள். கப்பல் மோதியும் புயல் அடித்தும் அது சேதமானது. பிறகுதான் கடலையே கல்லால் வளைத்துத் துறைமுகம் கட்டும் திட்டம். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு, கிழக்கே வாயில் விட்டு வளைந்தன. வேலை முடியும் தறுவாயில் 1881 நவம்பர்ப் புயல் சுவரின் பெரும்பகுதியைப் புரட்டிப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள்.

கட்டியதும் ஒரு புதுத் தலைவலி. கிழக்கு வாயிலில் மணல் சேர்ந்துகொண்டே இருந்தது. 1904இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயிலை அடைத்து வடகிழக்கில் புதிய வாயில் அமைத்தார். 1911 வாக்கில் அது முடிந்தது. மணல் தெற்கிலிருந்து வருகிறது என்பது அப்போதே தெரிந்திருந்தது. அதனால்தான் வாயிலை வடக்குப் பக்கம் திருப்பினார்கள். கப்பல்களுக்குப் பிரச்சினை தீர்ந்தது. வடக்கே இருந்த குப்பங்களுக்குத் தீரவில்லை.

மணல் எப்படி நடக்கிறது?

கடற்கரை மணல் ஓரிடத்தில் கிடப்பது போலத் தெரியும். உண்மையில் அது ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது. அதன் வேலை இப்படி:

1. அலை கரைக்கு நேராக வருவதில்லை, சாய்வாக வருகிறது. மேலே ஏறும்போது மணலைச் சாய்வாகத் தள்ளும். வடியும்போது நேராக இழுக்கும். ஒவ்வோர் அலைக்கும் மணல் ஒரு பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்துவிடும். இதைக் கரையோர மணல் ஓட்டம் என்கிறார்கள்.

2. சென்னைக் கரையில் ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை அலையின் தள்ளல் தெற்கிலிருந்து வடக்கே. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வடக்கிலிருந்து தெற்கே.

3. முதல் காலம் நீளம், இரண்டாவது குறைவு. கழித்துப் பார்த்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகிறது.

4. நடுவில் கடலுக்குள் ஒரு சுவர் நீட்டினால் வரும் மணல் அதன் தெற்குப் பக்கத்தில் தேங்கும்.

5. வடக்குப் பக்கத்திலும் அலை தன் வேலையை நிறுத்தாது. அங்கிருக்கும் மணலை வழக்கம்போல வடக்கே எடுத்துப் போகும். ஈடுகட்டத் தெற்கிலிருந்து வர வேண்டியது மட்டும் வராது.

கடைசிப் புள்ளிதான் முக்கியம். 'கடல் ஊருக்குள் வருகிறது' என்று சொல்லும்போது கடல் புதிதாக ஏதோ செய்வது போல ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. கடல் எப்போதும் செய்ததைத்தான் செய்கிறது. வரவு நின்றுபோன கணக்கில் செலவு மட்டும் தொடர்கிறது.

தெற்கே இந்த வரவு குவிந்து உண்டானதுதான் இன்றைய மெரினா. துறைமுகத்துக்கு முன்பு கடல் இன்றைய காமராசர் சாலைக்கு வெகு அருகில் இருந்தது. மணல் சேர்ந்து கரை அகலமானதும் 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் பாதை போட்டு 'மெரினா' என்று பெயர் வைத்தார். நேப்பியர் பாலத்தருகே கூவம் முகத்துவாரம் அடிக்கடி மணல் அடைத்துக்கொள்வதும், பொக்லைன் வைத்துத் திறந்துகொண்டே இருப்பதும் இதே கதையின் இன்னொரு கிளை.

வடக்கே நேர்மாறு. 1876க்கும் 1975க்கும் இடையில் துறைமுகத்துக்கு வடக்கே சுமார் 500 மீட்டர் கரை கடலுக்குள் போயிருக்கிறது என்பது ஒரு மதிப்பீடு. அதன் பிறகும் அரிப்பு நிற்கவில்லை. சென்னைவாசிகள் மாலையில் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்காரும் மணலில் ஒரு பங்கு இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது.

கல் கொட்டுவதும் தூண்டில் வளைவும்

அரிப்பைத் தடுக்க வடசென்னையில் இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். செய்திகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுண்டு.

முதலாவது, கரை நெடுகக் கருங்கல் கொட்டும் தடுப்புச் சுவர். இது பின்னால் இருக்கும் சாலையையும் வீட்டையும் காக்கும், மணலைக் காக்காது. கல்லில் மோதித் திரும்பும் அலை, அடியில் மிச்சமிருக்கும் மணலையும் வாரிப் போகும். கல் அடியில் இறங்கும், மேலே புதுக் கல் கொட்ட வேண்டும்.

இரண்டாவது, கரையிலிருந்து கடலுக்குள் குறுக்கே நீட்டும் சிறு கல் கரைகள். வளைவாக இருப்பதால் நம் ஊரில் தூண்டில் வளைவு என்று பெயர். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை 2000களிலிருந்து இப்படிப் பல கட்டப்பட்டன. இரண்டு வளைவுகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் தங்கும். ஆனால் தூண்டில் வளைவும் ஒரு குட்டித் துறைமுகச் சுவர்தான். தன் தெற்கே மணலைப் பிடித்துவைத்துத் தன் வடக்கே அரிப்பைத் தள்ளிவிடும். கடைசி வளைவுக்கு வடக்கே இருக்கும் குப்பத்துக்காரர்கள் 'எங்களுக்கும் ஒன்று கட்டிக் கொடுங்கள்' என்று மறியல் செய்வது இதனால்தான். கட்டிக் கொடுத்தால் அடுத்த குப்பம் மறியலுக்கு வரும்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு: தெற்கே தேங்கும் மணலை அள்ளி வடக்கே போடுவது. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் கட்டிய துறைமுகம் நகரத்தின் கடற்கரையைத் தின்றுவிட்டது. பல ஆண்டுகள் கருங்கல்தான் அங்கே கடற்கரை. பிறகு கடலுக்கடியில் அலையைத் தணிக்கும் தடுப்பு ஒன்றைப் போட்டு, மணலையும் கொண்டுவந்து கொட்டினார்கள். 2018க்குப் பிறகு அங்கே மணல் திரும்பியது. இது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அல்ல. துறைமுகம் இருக்கும்வரை செய்துகொண்டே இருக்க வேண்டும். கல் கொட்டுவதானால் அவ்வப்போது ஒரு டெண்டர் போதும்.

கல் கரைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கற்களின் இடுக்கில் தார்போல இறுகிப்போன எண்ணெயை மனிதர்கள் கல்லின்மேல் நின்று வாளியால் மொண்டார்கள். அந்தப் படங்கள் பலருக்கு நினைவிருக்கும்.

மணலோடு போன தொழில்கள்

அரிப்பு என்றால் வீடு இடிவதையே நினைக்கிறோம். மீனவருக்கு மணல்தான் பட்டறை, கிடங்கு, சந்தை, திண்ணை எல்லாம்.

கட்டுமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்வது போல அது கட்டிய மரம்தான். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும். காயாவிட்டால் அடுத்த நாள் சரியாக மிதக்காது. மணல் இல்லாத ஊரில் கட்டுமரத்தை எங்கே காயவைப்பது? கருங்கல்லில் கட்டுமரம் ஒதுங்கினால் மரமும் போகும், காலும் போகும்.

கரைவலை இன்னும் தெளிவான உதாரணம். வலையின் ஒரு முனை கரையில் இருக்கும். மறுமுனையைப் படகில் எடுத்துப்போய் அரைவட்டமாக வளைத்துச் சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தில் கரைக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று மணிக்கணக்கில் இழுப்பார்கள். வயதானவர், பள்ளிக்குப் போகாத பையன், அன்றைக்கு வேறு வேலை கிடைக்காதவர் என்று யார் வந்து கை கொடுத்தாலும் ஒரு பங்கு மீன் உண்டு. ஊரில் யாரும் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அதற்கு வேண்டிய முதல் பொருள் தடையில்லாத நீண்ட மணல். கல் கொட்டிய கரையில் வலை கிழிந்துவிடும். கரைவலை போனபோது அந்தப் பங்கும் போயிற்று.

கருவாடு காயவைக்கும் பெண்களுக்கும் இதே கதை. மணல் போனபின் அவர்கள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை ஓரத்தில் தார்ப்பாய் விரித்தார்கள். பக்கத்திலேயே துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. கருவாட்டின் மேல் விழுவது உப்புக்காற்று மட்டுமா என்ன.

கரையில் இறங்க முடியாதவர்களுக்குப் போக்கிடம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். பெரிய துறைமுகத்தின் வடபுறம், தனி அலைத்தடுப்புக்குள், ஏறத்தாழ 575 விசைப்படகுகளுக்கு என்று திட்டமிட்டது. அதைவிட அதிகமாகவே படகுகள் நிற்கின்றன. விடியலுக்கு முன்பே லைட் வெளிச்சத்தில் ஏலம் தொடங்கிவிடும். கூடையில் வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கானாங்கத்த. ஐஸ் கட்டி உடைக்கும் சத்தத்துக்கு மேல் ஏலக்காரர் குரல் உயரும். மொத்தமாக ஏலம் எடுத்து, கூறு போட்டு, நகரத்துத் தெருக்களுக்குக் கொண்டுபோவதில் பெரும்பங்கு பெண்களுடையது. ஞாயிற்றுக்கிழமை நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆள் வந்து நிற்பார்கள்.

ஆனால் விசைப்படகு என்பது வேறு பொருளாதாரம். கட்டுமரம் வைத்திருந்தவர் முதலாளியும் தொழிலாளியுமாக ஒரே ஆளாக இருந்தார். விசைப்படகுக்கு லட்சக்கணக்கில் முதல் வேண்டும். டீசல், ஐஸ், சாப்பாடு என்று செலவைக் கழித்த பிறகு படகுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. விகிதம் படகுக்குப் படகு மாறும். 1970களின் பிற்பகுதியில் சென்னைக் கரையில் கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் கடும் மோதல்கள் நடந்தன. இழுவை வலை கரையோர மீனை வாரிப் போகிறது, எங்கள் வலையை அறுக்கிறது என்பது புகார். அந்தப் பின்னணியில்தான் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது; கரையோரப் பகுதி சிறு படகுகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. கட்டுமரம் இன்று எண்ணிவிடும் அளவில்தான்.

சுனாமி இன்னொன்றையும் செய்தது. கரையோரம் இருந்த குடும்பங்களில் பல எர்ணாவூர் போன்ற இடங்களின் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. கடல் கண்ணில் தெரியாத மாடி வீட்டில் இருந்துகொண்டு காற்றும் நீரோட்டமும் பார்த்துத் தொழிலுக்குப் போவது எப்படி? விடிகாலை இரண்டு மணிக்குப் பஸ்ஸும் கிடையாது.

தடைக்காலத்திலும் மீன் வருகிறதே?

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி என்பதால் சுருக்கமாக. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. 2017க்கு முன் 45 நாள்தான். இது விசைப்படகுகளுக்கு மட்டும். ஃபைபர் படகும் கட்டுமரமும் போகலாம். அதனால் மீன் வரும். குறைவாக வரும், விலை ஏறும். தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் உதவி 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

யாரிடம் போய்க் கேட்பது?

இராயபுரத்துக் கரையில் நின்றுகொண்டு ஒரு மனு எழுதுவது சுலபமல்ல. துறைமுகம் மத்திய அரசின் கீழ். மீன்பிடித் துறைமுகம் துறைமுக நிர்வாகத்தின் இடத்தில் இருக்கிறது. படகுப் பதிவும் தடைக்கால நிவாரணமும் மாநில மீன்வளத் துறை. எக்ஸ்பிரஸ் சாலை நெடுஞ்சாலை ஆணையம் அகலப்படுத்தியது. குப்பையும் தெருவிளக்கும் மாநகராட்சி. தூண்டில் வளைவு என்றால் நீர்வளத் துறை, மீன்வளத் துறை என்று கை மாறும்.

இதற்கெல்லாம் மேலே கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. முதலில் 1991இல் வந்தது. 2011இலும் 2019இலும் புதிதாக எழுதப்பட்டது. கடல்நீர் ஏறும் உச்ச எல்லையான உயர் அலைக்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை என்ன கட்டலாம், கூடாது என்று அது சொல்கிறது. இராயபுரத்தில் ஒரு விசித்திரம்: அந்தக் கோடே நிலத்தை நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. தாத்தா காலத்தில் கடலுக்கு வெகு தூரத்தில் இருந்த வீடு, பேரன் காலத்தில் கடலோர வீடாகிக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுகிறது. கடலுக்குள் போன புறம்போக்கில் வலை காயவைத்தவர்களுக்குக் காட்டுவதற்குப் பட்டாவும் கிடையாது, இழப்பீடும் கிடையாது.

வடக்கே நகரும் கணக்கு

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே இப்போது இன்னும் இரண்டு துறைமுகங்கள் இருக்கின்றன: 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் (இன்றைய காமராசர் துறைமுகம்), அதை அடுத்துக் காட்டுப்பள்ளி. இரண்டுக்கும் தனித்தனி அலைத்தடுப்புச் சுவர்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்து அங்குள்ள மீனவ ஊர்கள் பேசும்போது, தங்கள் வலையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய மணல் திட்டு. தெற்கிலிருந்து மணல் வந்தால்தான் அது நிற்கும். ஏரியின் முகத்துவாரம் திறப்பதும் அடைவதும், அந்த நீரில் இறாலும் நண்டும் வளர்வதும் எல்லாம் அந்தத் திட்டை ஒட்டியவை.

1875இல் அடிக்கல் நாட்டியபோது மணல் கணக்கை யாரும் இராயபுரத்துப் படகோட்டிகளிடம் கேட்கவில்லை. துறைமுகம் வந்ததும் மசூலாப் படகின் வேலையும் முடிந்துபோனது. காட்டுப்பள்ளிக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் நடப்பதாக இருந்து ஒத்திவைக்கப்பட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு வரைபடம் எதுவும் தேவைப்படவில்லை. பஸ் பிடித்துக் காசிமேட்டுக்கு வந்து அந்தக் கருங்கல்லின்மேல் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.